என்ர கனடா, என்ர ராப்ரர்ஸ், எல்லாத்துக்கும் மேல கைல் லௌரி

கனடாவுக்குப் புதுசா வாற ஆக்களுக்கு எல்லாரும் ஜக்கெற் எங்க வாங்குறது, பனிச் சப்பாத்து எது நல்லது, லைசென்ஸ் எப்ப எடுக்கிறது எண்டுதான் சொல்லிக் குடுப்பினம். நவம்பர் தொடங்கினால் பின்னேரம் ஐஞ்சு மணிக்கே இருட்டிப் போயிடும், வேலையால வந்து கதவைப் பூட்டினால் அந்த பேஸ்மென்ற்றுக்க இருந்து என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. எனக்கு அதுக்கு மறுமொழி தந்தது பாஸ்கற்போல் தான். ஒக்ரோபர் கடைசியில சீசன் தொடங்கினால் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் 82 மட்ச், கிட்டத்தட்டக் குளிர்காலம் முழுக்க வரும். ஏழரைக்கு எங்கட ரொறன்ரோ ரீம் ராப்ரர்ஸ் விளையாடுது எண்டால் அண்டைக்கு எனக்கு ஒரு பின்னேரம் இருக்கு எண்டு அர்த்தம்.

நான் வந்தது 2010. அந்த வருஷம் யூலையில தான் ரீமின்ர பெரிய ஆட்டக்காரர் கிறிஸ் பொஷ் ரொறன்ரோவை விட்டிட்டு மயாமிக்குப் போனவர், லெப்ரோனோடயும் வேட்டோடயும் சேந்து கப் அடிக்க. ஊர் முழுக்க அந்தக் கோவம் இருந்தது, எனக்கு ஆர் பொஷ் எண்டே தெரியாது, ஆனா வேலைத்தலத்தில எல்லாரும் அதைத்தான் கதைச்சவை. அந்த சீசன் 22 வெற்றி, 60 தோல்வி. அந்த ரீமைத்தான் நான் முதல் முதலாப் பாக்கத் தொடங்கினனான். ஆந்திரேயா பார்ன்யானி எண்டு 2006 ட்ராஃப்ற்றில, அதான் ரீம்கள் புது ஆட்டக்காரரைத் தெரிஞ்செடுக்கேக்க, முதலாவதா எடுத்த ஏழடி உயர ஆள், தூரத்தில இருந்து வடிவா எறிவார், ஆனா ரீபவுண்டுக்கு, றிம்மில பட்டுத் திரும்புற பந்தைப் பிடிக்க, போய் ஒருத்தரோடயும் முட்டுப்பட மாட்டார். அந்த உயரத்தைக் கடவுள் எனக்குத் தந்திருந்தால் எண்டு பக்கத்தில வேலை செய்யிற பிலிப்பைன்ஸ் பெடியன் ஒவ்வொரு திங்கக்கிழமையும் சொல்லுவான். அவங்கட நாட்டில பாஸ்கற்போல் எண்டால் உயிர், எங்களுக்குக் கிரிக்கெற் மாதிரி, எனக்கு விதிமுறை எல்லாம் அவன் தான் சொல்லித் தந்தவன். 24 செக்கனுக்குள்ள எறியவேணும், ஆறு ஃபவுல் எண்டால் வெளிய, சார்ஜ் எண்டால் என்ன ப்ளொக் எண்டால் என்ன எண்டு சாப்பாட்டு மேசையில உப்புப் போத்திலையும் கப்பையும் வைச்சுக் காட்டுவான்.

அந்த மேசையில தான் எனக்கு இங்கிலிஷ் வந்தது. வகுப்புக்கும் போனனான் தான், அங்க படிச்சது பாரம் நிரப்பவும் டொக்ரரிட்டப் போகவும் உதவினது, ஆனா ஒருத்தன் பிழையாக் கதைக்கிறான் எண்டு கோவம் வந்து மறுத்துக் கதைக்கேக்க தான் மொழி தானா வாயில வருது. எங்களோட ஜமேக்காக்காரர் ஒருத்தர் இருந்தவர், வயசானவர், அவருக்கு முந்தி ராப்ரர்ஸுக்கு விளையாடின வின்ஸ் கார்ட்டர் தான் கடவுள். 2000 ஆம் ஆண்டு டங்க் போட்டியைப் பற்றி, எம்பிப் பந்தைக் கூடைக்குள்ள அடிக்கிற போட்டி அது, கதைக்கத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போயிடும். 2001 ல ஃபிலடெல்ஃபியாவோட ஏழு மட்ச் தொடரின்ர கடைசி, ஏழாவது மட்ச், அண்டைக்குக் காலமை வின்ஸ் தன்ர யூனிவர்சிட்டிப் பட்டமளிப்புக்குப் போட்டு வந்து விளையாடினது, கடைசி ஷொட் போகாமல் ஒரு பொயின்ற்றில, 88-87 எண்டு தோத்தது, அதை ஊர்ச் சனம் எவ்வளவு காலம் மனசில வைச்சிருந்தது எண்டெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2004 கடைசியில வின்ஸ் நியூ ஜேர்சிக்குப் போனாப் பிறகு அவர் ரொறன்ரோவுக்கு விளையாட வந்த நேரமெல்லாம் சனம் வருஷக்கணக்கா "பூ" எண்டு கத்தினது. பேந்து 2014 ல அவருக்கு வீடியோ போட்டுக் காட்ட எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்ட, ஆள் அழுதிட்டார். 2024 நவம்பரில அவற்ற 15 ஆம் நம்பர் ஜேர்சியைத் தான் இந்த ரீம் மரியாதைக்கு முதலாவதா அரங்கின்ர மேல ஏத்தினது. எனக்கு அதில சந்தோசம் தான். போன ஒருத்தரை இருபது வருஷம் ஏசிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இடம் மாறினவன் எல்லாம் துரோகி எண்டால் எங்கள என்னெண்டு சொல்லுறது.

ஆனா இந்த ரீமின்ர வரலாற்றில ஆகப் பெரிய ஆள் வின்ஸ் எண்டு ஆரும் சொன்னால் நான் விடமாட்டன். 2019 ல கப் எடுத்துத் தந்த கவாய் எண்டு சொன்னாலும் விடமாட்டன். அது கைல் லௌரி. இதில எனக்கு ரெண்டாம் கதை இல்லை.

லௌரி 2012 ல வந்தவர். அதுக்கு முதல் மெம்ஃபிஸ், ஹூஸ்ரன் எண்டு ரெண்டு இடம் அவரை வைச்சிருந்து விட்டது. ஆறடி உயரம், பெருத்த உடம்பு, கோச்மாரோட ஒத்துப் போகாதவர் எண்ட பேர் வேற. 2013 டிசம்பரில இங்கயும் அவரை நியூயோர்க்குக்குக் குடுக்கிற கதை கிட்டத்தட்ட முடிஞ்சு, கடைசியில நடக்கேல்லை. ரூடி கே எண்ட ஆட்டக்காரரை வேற ரீமுக்குக் குடுத்தாப் பிறகு, 6 வெற்றி 12 தோல்வியில கிடந்த ரீம் எழும்பி 48 வெற்றியோட முடிச்சது. அந்த வசந்தம் ப்ரூக்ளினோட ஏழாவது மட்ச்சில லௌரியின்ர கடைசி ஷொட்டை அவங்கட போல் பியர்ஸ் தட்டிவிட, 104-103, லௌரி நிலத்தில விழுந்து கிடந்தார், கூட விளையாடின டெரோசன் வந்து மேல குனிஞ்சு நிண்டார். அண்டைக்குத் தான் இது என்ர ரீம் எண்டு எனக்கு வந்தது. வெண்ட ரீமைப் பிடிக்கிறதுக்கு ஊர் ஒண்டும் தேவையில்லை, லேக்கர்ஸ் தொப்பி போட்டால் சரி.

அம்மா வந்தது அதுக்குப் பிறகு. அவவுக்குக் குளிருக்க வெளிய போக ஏலாது, இங்கிலிஷ் தெரியாது, சின்னத்திரை நாடகம் பாத்துக் கொண்டிருந்தவ நான் மட்ச் போட்டால் முதல் எழும்பிப் போயிடுவா. பேந்து கொஞ்சம் கொஞ்சமா இருந்து பாக்கத் தொடங்கினா. அவவுக்கு இது மாதிரியான விளையாட்டில தெரிஞ்ச ஒரே ஆள் எங்கட தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர், இலங்கை வலைப்பந்து ரீமுக்கு விளையாடின யாழ்ப்பாணத்துப் பிள்ளை. புதுசா ஒரு உயரமான ஆள் கோர்ட்டுக்க வந்தால் "உவர் தர்ஜினி அளவு வருவாரோ" எண்டு கேப்பா. ஆனா அவவுக்குப் பிடிச்சது உயரமான ஆக்கள் இல்லை, லௌரி. "அந்தக் கட்டைப் பெடியன்" எண்டு தான் சொல்லுறது. பெரிய ஆள் ஓடி வர லௌரி குறுக்கால போய் நிண்டு இடி வாங்கி விழுந்து சார்ஜ் எடுப்பார், அப்ப அம்மா "ஐயோ" எண்டு கதிரைக் கைபிடியைப் பிடிப்பா, ரெஃப்ரி மற்றப் பக்கம் கையைக் காட்டினால் பந்து எங்களுக்கு எண்டு அவவுக்குத் தெரியும். மற்ற ரீம்காரன் எத்தினை ஃபவுல் எடுத்திட்டான் எண்ட கணக்கு என்னை விட அவ தான் வடிவா வைச்சிருப்பா.

டெரோசனைப் பற்றியும் சொல்லவேணும். பொஷ் போன நேரம் நான் இருக்கிறன் எண்டு சொன்ன ஆள், கடைசி வரைக்கும் போகாத ஆள். 2018 பெப்ரவரியில தனக்கு மனச்சோர்வு இருக்கு எண்டு வெளியில சொன்னவர். அவ்வளவு பேர் புகழோட இருக்கிற ஒரு ஆம்பிளை அப்பிடிச் சொன்னதை நான் முதல் முதலாக் கேட்டது அப்ப தான். எங்கட ஆக்களுக்க போருக்குப் பிறகு வந்து எத்தினை பேர் இரவு நித்திரை இல்லாமல் இருக்கினம், ஆரும் வாயைத் திறக்கிறேல்லை, விசர் எண்டு சொல்லிப் போடுவினம் எண்ட பயம். டெரோசன்ர கதையைச் சாட்டா வைச்சு நான் என்ர சிநேகிதன் ஒருத்தனோட அதைப் பற்றிக் கதைச்சனான், அவன் பேந்து போய்க் காட்டி இப்ப நல்லா இருக்கிறான். அப்பிடியான ஆளைத்தான் அந்த யூலையில சான் அன்ரோனியோவுக்குக் குடுத்திட்டுக் கவாய் லெனர்ட்டை எடுத்தவை. ரீமை நடத்தின மசாய் உஜிரி செய்தது சரி, கப் வந்தது, லெப்ரோனிட்ட மூண்டு வருஷம் தொடர்ந்து தோத்த ரீமுக்கு வேற வழியும் இல்லை. ஆனா டெரோசனுக்கு அது அநியாயம். ரெண்டும் உண்மை.

2019 எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மே 12, அன்னையர் தினம், வீடு நிறையச் சொந்தம், இங்க பிறந்த மச்சான்மார் எல்லாம் வந்திருந்தாங்கள். ஃபிலடெல்ஃபியாவோட ஏழாவது மட்ச், 90-90, கவாய் மூலையில இருந்து எறிஞ்ச பந்து நாலு தரம் றிம்மில துள்ளி உள்ள போனது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கினம். எனக்கு அந்த வருஷத்தில ஆகலும் முக்கியம் யூன் 13, ஓக்லண்டில ஃபைனலின்ர ஆறாவது மட்ச். முதல் 11 பொயின்ற்றும் லௌரி. ரீமின்ர முதல் 11 பொயின்ற், ஒருத்தரும் தொட முதல். அதே ப்ளே-ஓஃப்ஸின்ர, சீசன் முடிய நடக்கிற கப்புக்கான சுற்றுகளின்ர, முதலாவது மட்ச்சில ஒலாண்டோவோட ஒரு பொயின்ற்றும் எடுக்காமல் ஊர் முழுக்க ஏச்சு வாங்கின அதே ஆள், 26 பொயின்ற்றோட முடிச்சார். ட்ராஃப்ற்றில ஒருத்தரும் எடுக்காத வான்வ்லீட் 22. கமரூனில இருந்து வந்த சியாகம் 26. கொங்கோ இபாக்கா, ஸ்பெயின் கசோல், லண்டனில பிறந்த அனுனோபி, மேல நைஜீரியா உஜிரி. ஸ்காபரோவில ஒரு பஸ்ஸில ஏறினால் இப்பிடித்தான் இருக்கும். கப் அடிச்ச இரவு மார்க்கம் ரோட் முழுக்கக் கார் கோர்ன், ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை.

ஒண்டு மட்டும் எனக்கு இண்டைக்கும் பொறுக்க ஏலாது. அதுக்கு முதல் மட்ச்சில, ஐஞ்சாவதில, இங்க ரொறன்ரோவில எதிர் ரீமின்ர கெவின் டுராண்ட் குதிக்கால் தசைநார் அறுந்து விழேக்க எங்கட சனத்தில கொஞ்சப்பேர் கைதட்டினவை. லௌரியும் இபாக்காவும் கையைக் காட்டி நிப்பாட்டச் சொன்னவை. வெல்லுறதுக்கு எவ்வளவு ஆசை எண்டாலும் ஒருத்தன் விழுந்து கிடக்கேக்க கைதட்டுறது மனுசத்தனம் இல்லை, மச்சானோட அண்டைக்கே சண்டை பிடிச்சனான்.

கவாய் ஒரு மாசத்திலயே கிளிப்பர்ஸுக்குப் போயிட்டார். மச்சான்மார் இனி ரீம் முடிஞ்சுது எண்டாங்கள். நான் சொல்லுறன், என்ர ஆகப் பிடிச்ச ரீம் கப் அடிச்ச ரீம் இல்லை, அதுக்கு அடுத்த வருஷ ரீம். 53 வெற்றி, 19 தோல்வி. பெரிய ஸ்ரார் எண்டு ஒருத்தரும் இல்லை, ஐஞ்சு பேரும் ஓடி ஓடி டிபென்ஸ் செய்து, தொடர்ந்து 15 மட்ச் வெண்டு, அந்த வேகத்தில கொரோனா வந்து நிப்பாட்டிப் போட்டுது. பேந்து ஃபுளோரிடாவில பூட்டின இடத்தில சனம் இல்லாமல் நடத்தினவை. பொஸ்ரனோட மூண்டாவது மட்ச், ரெண்டு பொயின்ற் பின்னால, அரைச் செக்கன் மிச்சம். பந்தை வெளியில இருந்து போடவேண்டியது லௌரி, அவருக்கு முன்னால ஏழடி ஐஞ்சங்குல ராக்கோ ஃபோலைக் கொண்டுவந்து கையை விரிச்சுக் கொண்டு நிக்க விட்டிருந்தவை, பாக்கிற எங்களுக்கே கோர்ட் தெரியாத மாதிரி. லௌரி எம்பி அந்தக் கைக்கு மேலால கோர்ட்டின்ர மற்றக் கரைக்கு எறிஞ்சார், அங்க தனிய நிண்ட அனுனோபி பிடிச்ச கையோட விட்டார், உள்ள. 104-103. எல்லாரும் அனுனோபியின்ர ஷொட் எண்டு சொல்லுவினம், நான் அந்த எறிதலைத் தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறனான். அந்த சீரிஸ் ஏழாவது மட்ச்சில தோத்தது. அதுக்கும் நான் அந்த ரீமை விட்டுக் குடுக்கேல்லை.

இப்ப அந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை. லௌரி, வான்வ்லீட், அனுனோபி, சியாகம் எண்டு ஒவ்வொருத்தரா போட்டினம், 2025 யூனில உஜிரியும் போட்டார். ஸ்கொட்டி பார்ன்ஸ் இருக்கிறார். எனக்கு அவரில நம்பிக்கை இருக்கு, ஆனா அவரிட்ட இருந்து தனிய 30 பொயின்ற் எதிர்பாக்கிறது பிழை. அவற்ற பலம் பந்து குடுக்கிறதும், ஆரையும் மறிக்கிறதும் தான். பக்கத்தில நல்லா எறியிற ரெண்டு பேர் இருந்தால் தான் அவர் தெரிவார். ப்ரண்டன் இங்ரமை எடுத்தது பொயின்ற்றுக்கு உதவும், ஆனா பந்து அவற்ற கையில கன நேரம் நிக்கும், அது எனக்குப் பெரிசாப் பிடிக்கேல்லை. ஆர்.ஜே. பரெட் மிசிசாகாப் பெடியன் எண்டதுக்காகவே அவர் நல்லா விளையாடவேணும் எண்டு மனம் சொல்லுது.

இங்கத்தப் பிள்ளையள் எங்க போய் நிக்கினம் எண்டு பாருங்கோ. ஹமில்ரனில வளந்த ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2025 ல எம்விபி, அதான் சீசனின்ர ஆகச் சிறந்த ஆட்டக்காரர், அதே வருஷம் ஒக்லஹோமாவோட கப்பும். கிச்சினர் ஜமால் மரி 2023 ல டென்வரோட. வின்ஸ் டங்க் அடிச்ச காலத்தில பிறந்து, பனியைத் தள்ளிப் போட்டு ட்ரைவ்வேயில எறிஞ்சு பழகின தலைமுறை இது. எங்கட தெருவிலயும் தமிழ்ப் பிள்ளையள் பின்னேரத்தில அப்பிடித்தான் விளையாடுதுகள், என்ர மகளும் அதில ஒருத்தி, அவளுக்கு டென்வர் யோகிச்சையும் ஷேயையும் தான் தெரியும். நான் லௌரியின்ர பழைய மட்ச் போட்டுக் காட்டினால் "அப்பா, இவர் மெல்ல ஓடுறார்" எண்டுறாள். மெல்ல ஓடினாலும் எங்க போய் நிக்கவேணும் எண்டு அவருக்குத் தெரியும் எண்டு நான் சொல்ல, அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த அம்மா குசினிக்க இருந்து "கொப்பர் சொல்லுறது சரி" எண்டா.

வின்ஸின்ர 15 க்குப் பக்கத்தில லௌரியின்ர 7 நிக்கவேணும். அது ஏறுற நாளுக்கு டிக்கற் என்ன விலை எண்டாலும் மூண்டு எடுக்கிறது, அம்மாவுக்கு வெளிக் கரையோட, எழும்பி நடக்க வசதியான சீற்.