தலையணையிலிருந்து பார்த்தால்

அக்டோபர் 21
அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அறையைச் சரிசெய்ய வேண்டும். அவர் கட்டிலில் கால் மணி நேரம் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். நேர் எதிரே வடக்குச் சுவரில் 20 வாட் எல்இடி டியூப் லைட். நிற்பவருக்கு அது வெளிச்சம், படுத்திருப்பவருக்குக் கண்கூச்சம். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. பகல் வெளிச்சத்தின் நிறம். ராத்திரி ஒன்பது மணிக்கு இதை எரியவிட்டால் உடம்பு இன்னும் பகல் என்றே நினைத்துக்கொள்ளும், தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். சுவர், திரைச்சீலை எல்லாம் அப்புறம். முதலில் விளக்கு.

அக்டோபர் 22
விடாத மழை. வடக்குச் சுவரில் ஓதம் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது.

அக்டோபர் 24
ஓதத்தின் ஓரத்தில் ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்தாயிற்று. தாளின் வெளிப்பக்கம் துளிர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதும். சுவரை ஒட்டிய உள்பக்கம்தான் நனைந்திருக்கிறது. ஆக, தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. வென்டிலேட்டருக்கு மேலே சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல், அதன்மேல் தேங்கும் மழைநீர்.

உள்ளே வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் பெயிண்டர். ஆகாது. தண்ணீர் வரும் வழி வெளியே திறந்திருக்க, உள்ளே அடைத்தால் பெயிண்ட் கொப்பளித்து உரியும். வெளிப்பக்கம் விரிசலை 'வி' வடிவில் வெட்டித் திறந்து, பாலிமர் கலந்த சிமெண்டு கலவையை அடைத்து, சன்ஷேடில் தண்ணீர் நிற்காதபடி வாட்டம் கொடுக்க வேண்டும். அதற்குச் சுவர் காய வேண்டும். தை பிறக்கட்டும்.

பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

அம்மா படத்தை அந்தச் சுவரிலிருந்து இறக்கிவைத்தேன். சட்டத்தின் பின் அட்டையில் ஈரம்.

அக்டோபர் 25
அங்கேயே படுத்திருந்தால் அப்பா நாளெல்லாம் அந்தக் கறையைத்தான் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் முகங்கள் தெரியும்.

அக்டோபர் 26
மூன்று சுவருக்கு மட்டும் பெயிண்ட். நிறத்தைக் கடையில் தீர்மானிக்கக் கூடாது. இரண்டடிச் சதுரமாக இரண்டு சுவரில் அடித்து, காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று மூன்று வேளை பார்த்தேன். வெளிர்நீலம் பகலில் குளுமை, இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் சாம்பல். வயதான கண்ணில் வில்லையும் மஞ்சளித்திருக்கும். வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சந்தன வெள்ளை, அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளுப்பாக. சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்று வாங்கி அழுத்தமாக்கிவிடும். பளபளப்பு வேண்டாம், மேட் போதும்.

கழிவறைக் கதவின் சட்டம் மட்டும் அடர்ந்த பழுப்பு. சுவரும் கதவும் ஒரே வெளுப்பாக இருந்தால் வாசல் எங்கே என்று தடவ வேண்டியிருக்கும்.

அக்டோபர் 27
சனிக்கிழமை டிஸ்சார்ஜ் இல்லையாம்.

அக்டோபர் 29
எழும்பூர் பாந்தியன் சாலையில் துணி. ஜன்னல் நாலடி அகலம். மடிப்பு விழ அதுபோல இரு மடங்கு வேண்டும். 48 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டு துண்டு சரியாக எட்டடி. பருத்தி சுருங்கும், ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே தையலுக்கு. நீளம் ஜன்னல் கட்டைக்குக் கீழே அரையடி, அவ்வளவுதான். தரைவரை விட்டால் வாக்கர் கால் மாட்டும். அதே காரணத்தால் கால்மிதியும் வெளியே.

அக்டோபர் 30
தாமதத்தால் சுவருக்கு நாள் கிடைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன். பட்டி இரண்டு கை, உப்புத்தாள், ப்ரைமர், எமல்ஷன் இரண்டு கோட். வழக்கமாக நாலு மணி நேரம் விட்டு அடுத்த கோட் அடிக்கலாம். இந்த ஈரக்காற்றில் ஒரு முழு நாள் விட்டாக வேண்டும். வாடை போகும்வரை மின்விசிறியும் ஜன்னலும் ராத்திரியும் பகலும். வாடையோடு உள்ளே படுக்கவைக்க முடியாது.

நவம்பர் 2
கட்டிலைத் திருப்பியாயிற்று. தெற்கே தலை வைத்தால் எதிரே ஓதம். வடக்கே தலை வைக்க அவர் சம்மதிக்கவே மாட்டார். மேற்கே தலை, எதிரே கிழக்கு ஜன்னல், பக்கத்து மனையின் வேப்பமரம். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு மனதில் ஓடுகிறது: பித்தப்பை அறுவைச் சிகிச்சை ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். காலை வெயில் நேராகக் கண்ணில் விழுமே என்பதற்கு மெல்லிய வெள்ளைத் துணி, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும்.

நவம்பர் 3
அம்மா படம் எங்கே?

நவம்பர் 4
தலைமாட்டில் 9 வாட் பல்பு, 3000 கெல்வின், மூடிபோட்ட சுவர் விளக்கு. படுத்தால் பல்பு தெரியாது, வெளிச்சம் மட்டும் சுவரில் விழும். கட்டிலுக்கடியில் அரை வாட் மஞ்சள் விளக்கு, கழிவறைவரை தரை தெரிய. டியூப் லைட் இருக்கட்டும், ஊசி போட வருபவருக்கு அது வேண்டும். சுவிட்ச் மட்டும் தனி.

தேதி கிழிக்கும் காலண்டரும் பெரிய எண் கடிகாரமும் ஜன்னலுக்கு வலப்பக்கம். பகல் எது, இரவு எது, இன்று என்ன கிழமை என்று படுத்தபடியே தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் அதுதான் குழம்பியது.

நவம்பர் 6
அம்மா படம் தெற்குச் சுவரில். திரும்பினால் தெரியும், திரும்பாவிட்டால் தெரியாது. சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை எடுத்துவிட்டேன். மாலை வைத்தது வைத்தபடி.

நவம்பர் 7
மறுபடி படுத்துப் பார்த்தேன். வேம்பு தெரிகிறது. தேதி தெரிகிறது. மின்விசிறி மட்டும் மூன்றாம் எண்ணில் டிக் டிக் என்கிறது. மேல் கிண்ணத்தின் திருகு தளர்ந்திருக்கும். நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் கிளம்புவதற்குள்