அம்மாவின் கையெழுத்தோடு வந்த போலித் தேன்

மார்த்தாண்டத்துக்கு அருகே ரப்பர் தோட்டங்களில் எங்கள் 60 தேன்பெட்டிகள் இருக்கின்றன. மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்கு அறுவடை. ரப்பர் தேன் பூவில் ஊறுவதில்லை, இலைக்காம்பின் நுனியில் சுரக்கிறது. தேனீக்கள் அறைகளை மெழுகால் மூடும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நீர் மிகுந்து புளித்துவிடும். 1991-92-இல் வைரஸ் நோய் வந்து பெட்டிகள் காலியான காலத்தில்கூட அப்பா ஒரு சொட்டுப் பாகு கலந்ததில்லை.

போன மாதம் வள்ளியூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்தபோது வாங்கிய எங்கள் தேனில் சூரணம் குழைத்து, ஐந்து வயது மகனுக்குக் கொடுத்திருக்கிறார். குழந்தைக்கு இரண்டு நாள் வாந்தி. "உங்கள் பெயரை நம்பித்தானே வாங்கினேன்?" என்று கேட்டார். கன்னியாகுமரியில் எந்தக் கடைக்கும் நாங்கள் தேன் கொடுப்பதில்லை.

அவர் அனுப்பிய படத்தில் இருந்தது எங்கள் லேபிள்தான். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் எங்களுடையதே. அண்ணன் கன்னியாகுமரிக்குப் போய் அதே கடையில் நான்கு பாட்டில்கள் வாங்கி வந்தான். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் லேபிளில் தேதியை அம்மா பேனாவால் எழுதுவாள். நான்கிலும் ஒரே தேதி, ஒரே இடத்தில் நடுங்கிய அதே 7. அம்மாவின் கையெழுத்தையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். அம்மா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எவ்வளவு மகிழ்ந்தோம்! பெயருக்கு மதிப்பு கூடினால் அதைத் திருடவும் ஆள் வரும் என்று அன்று நினைக்கவில்லை. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் வைத்துப் பார்ப்பது எல்லாம் கலப்படத்தைக் காட்டித் தராது. கரும்புச் சர்க்கரையை ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தச் சோதனைக்குத் தப்பவென்றே அரிசிப் பாகு வந்துவிட்டது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 22 மாதிரிகளில் ஐந்து மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. வாங்குகிறவரிடம் லேபிளைத் தவிர வேறென்ன பிடிமானம் இருக்கிறது? அதைத்தான் இவர்கள் களவாடியிருக்கிறார்கள். எங்களிடமிருந்து பெயரைத் திருடியதைவிட, ஒரு குழந்தையின் மருந்தில் கை வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதி, நான்கு பாட்டில்களையும் ஒப்படைத்திருக்கிறோம். வணிகச்சின்னத்தை இத்தனை நாள் பதிவு செய்யாமல் விட்டது என் தவறு. அந்த விண்ணப்பத்தையும் இந்த வாரம் கொடுத்துவிட்டேன். எங்கள் தேனை வாங்குகிறவர்கள் பாட்டில் காலியானதும் லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

வள்ளியூர் வீட்டுக்கு நானே நேரில் போனேன். எங்கள் தேன் ஒரு பாட்டிலை நீட்டினேன். அந்த அம்மா கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பாட்டிலை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "வேண்டாம் அக்கா, லேபிளைப் பார்த்தாலே பையன் அழுகிறான்" என்றார்.