தலைப்பில் இல்லாத பெயர்

அன்று நான் சொன்ன பொய் ஒரே வரிதான். "லே-அவுட் போயாச்சு சார்." போகவில்லை. பக்கம் ஒட்டுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். என் பக்கம் மேசைமேல் பாதி ஒட்டியபடி கிடந்தது. அரை மணி நேரமாவது கையில் இருந்தது.

1996 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. வெளியே தேர்தல் சூடு. ஷார்ஜாவில் இந்தியா - பாகிஸ்தான். சச்சின் 118, சித்து 101, ஒருநாள் போட்டியில் இந்தியா முதன்முறையாக 300-ஐத் தாண்டிய ஆட்டம். விளையாட்டுப் பக்கத்தில் ஊசி குத்த இடமில்லை. அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் முடிந்தபோது நமக்கு விடிகாலை. நான் ஷிஃப்டுக்கு வந்தபோதே ஏஜென்சித் தாள் மேசையில் காத்திருந்தது. அதற்கு நான் ஒதுக்க முடிந்தது சிங்கிள் காலம், ஏழு சென்டிமீட்டர்.

மூன்றாம் நாள் முடிவில் ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் ஆறு ஸ்ட்ரோக், அதாவது ஆறு அடி, முன்னிலையில் இருந்தார். கடைசி நாளில் அவர் அடித்தது 78. கூடவே ஆடிய இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ 67. ஆறு முன்னால் இருந்தவர் ஐந்து பின்னால் போய் முடித்தார். மாஸ்டர்ஸ் வரலாற்றில் கடைசி நாளில் கைநழுவிய மிகப் பெரிய முன்னிலை அது. நான் யோசிக்கவே இல்லை. 'கோட்டைவிட்டார் நார்மன்' என்று எழுதினேன்.

புரூஃப் பார்த்த பெரியவர் தாளோடு என் மேசைக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார். பிழை இருந்தால் ஓரத்தில் நீல மையில் குறித்து அனுப்புவார், அவ்வளவுதான். ஆறு அங்குல மர ஸ்கேல் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதை வரிக்கடியில் வைத்து நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பார். அந்த ஸ்கேலைத் தலைப்புக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"தம்பி, இதுல ஜெயிச்சவர் பேரு தலைப்புல இல்லையே?"

"அவரு ஜெயிக்கல சார். இவரு தோத்துட்டாரு. அதுதான் நியூஸ்."

ஸ்கேல் நாலு வரி கீழே இறங்கியது. "அறுபத்தேழுன்னு போட்டிருக்கே. அது நல்ல கணக்கா, மோசமான கணக்கா?"

"நல்ல கணக்குதான் சார். அங்க வெச்ச கணக்கு, பார், 72. குறையக் குறைய நல்லது."

"அப்போ அவரு சும்மா நிக்கலையே."

அதற்குத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் மேசைமேல் கிடந்த பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சிங்கிள் காலத்தில் 'நிக் ஃபால்டோவுக்கு மூன்றாவது மாஸ்டர்ஸ் பட்டம்' என்று போட்டால் நாலு வரி தலைப்பு. செய்திக்கு என்ன மிஞ்சும்? கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வாசகருக்கும் 'கோட்டைவிட்டார்' புரியும். உலகம் முழுக்க அன்று பத்திரிகைகள் நார்மனைத்தான் முன்னால் வைத்தன. பதினெட்டாவது குழியில் ஃபால்டோவே துள்ளிக் குதிக்கவில்லை. நார்மனைக் கட்டிக்கொண்டார், அவருக்காக வருத்தப்பட்டார். வென்றவரே தோற்றவரைப் பற்றிப் பேசும்போது நான் மட்டும் வேறு எதை எழுதியிருக்க வேண்டும்?

இப்படிப் பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். தலைப்பை விடுங்கள். செய்தியின் அடியில் ஃபால்டோ யார், இதற்கு முன் என்ன செய்தவர் என்று ஒரு பத்தி இருந்தது. இடம் போதாதபோது கீழிருந்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். அதை வெட்டினேன். வெட்டும்போது படிக்கக்கூட இல்லை. பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பத்தியில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஃபால்டோ 1957-ல் வெல்வின் கார்டன் சிட்டியில் பிறந்தவர். 13 வயதில், 1971 மாஸ்டர்ஸில் ஜாக் நிக்லஸ் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் கோல்ஃப் பக்கமே வந்தார். நாலே வருடத்தில் இங்கிலாந்து அமெச்சூர் சாம்பியன். 20 வயதில், அமெரிக்காவுக்கு எதிரான அணிப் போட்டியான ரைடர் கோப்பையில் இடம். அந்த ஆண்டு மாஸ்டர்ஸையும் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றிருந்த டாம் வாட்சனை ஒற்றையரில் வீழ்த்தினார். 1983-ல் ஐரோப்பியச் சுற்றில் ஐந்து பட்டம், பரிசுப்பண வரிசையில் முதலிடம். ஆனாலும் பெரிய போட்டிகளில் கடைசி நாள் வந்தால் பின்தங்கிவிடுகிறார் என்று அவர் ஊர்ப் பத்திரிகைகளே பெயரைத் திரித்து 'ஃபோல்டோ' ஆக்கின. மடங்கிப்போகிறவர் என்று அர்த்தம் வரும்படி. கோட்டைவிட்டவர் என்ற தலைப்பு முதலில் அவருக்கே போடப்பட்டதுதான்.

அதற்குப் பிறகு அவர் செய்தது இன்றும் என்னை உலுக்கும். ஐரோப்பாவில் முதலிடம் வாங்கித் தந்த ஸ்விங்கை வேண்டாம் என்று முடிவெடுத்தார். டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் போய் அதை அடியோடு மாற்றினார். 1985, 86 இரண்டு வருடமும் ஐரோப்பியச் சுற்றில் ஒரு பட்டமும் இல்லை. பிழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிழைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று, எங்கள் அலுவலகத்தில் கணினி வந்தபோது எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. எனக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அந்த வசதி கிடையாது; நன்றாக ஆடினால்தான் பரிசுப்பணம்.

1987 ஜூலை, முய்ர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பன். முந்தின நாள்தான் அவருக்கு 30 வயது முடிந்தது. கடைசி நாள் மூட்டமும் ஈரமும். பதினெட்டுக் குழியிலும் பார். ஒரு குழிக்கு இத்தனை ஸ்ட்ரோக் என்று வைத்த கணக்குக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பதினெட்டு தடவை. ஒன்பது குழி மிச்சமிருக்க மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த பால் அஸிங்கர் கடைசி இரண்டு குழியிலும் ஒவ்வொரு ஸ்ட்ரோக் கூடுதலாக அடித்தார். ஃபால்டோ ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். அன்றைக்கும் யாரோ ஒரு டெஸ்க்கில் 'கோட்டைவிட்டார் அஸிங்கர்' என்று போட்டிருப்பார்கள். 1989 மாஸ்டர்ஸில் சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில், ஸ்காட் ஹோக் குழிக்குக் கிட்டத்திலிருந்து தட்ட வேண்டிய குட்டி பட் ஒன்றைத் தவறவிட்டார். அடுத்த குழியில் ஃபால்டோ பேர்டி, அதாவது பாரைவிட ஒன்று குறைவாக, போட்டு முடித்தார். 1990 மாஸ்டர்ஸ் பிளே-ஆஃபில் ரேமண்ட் ஃப்ளாய்டின் பந்து தண்ணீரில் விழுந்தது. 1992 பிரிட்டிஷ் ஓப்பனில் ஜான் குக் கடைசிக் குழிகளில் சறுக்கினார். அவர் வென்ற ஆறு மேஜரில், அதாவது பெரிய போட்டிகளில், நாலு ஐந்தை இப்படி அடுத்தவர் கணக்கில் எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் ஒரே ஆள் பக்கத்தில் நிற்கும்போது இத்தனை பேர் ஏன் சறுக்கினார்கள்? அதை நான் கேட்டுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. 1990 பிரிட்டிஷ் ஓப்பனில், செயின்ட் ஆண்ட்ரூஸில் மூன்றாம் நாள் இதே நார்மனும் இதே ஃபால்டோவும் சமநிலையில் ஒன்றாக ஆடினார்கள். ஃபால்டோ 67, நார்மன் 76. அதே 67.

பல வருடம் கழித்துத்தான் அந்த 1996 ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். பதின்மூன்றாம் குழி. அதற்கு முந்தின குழியில் நார்மன் தண்ணீரில் போட்டதால் ஃபால்டோ இரண்டு ஸ்ட்ரோக் முன்னால். பந்துக்கும் குழி இருக்கும் கிரீனுக்கும் நடுவில் ஓடை. ஃபால்டோ ஃபேர்வே வுட் என்ற மட்டையை எடுக்கிறார். பந்தின் அருகே போய் நிற்கிறார், பாதத்தை மாற்றி வைக்கிறார், விலகுகிறார். மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர் (கேடி) ஃபேனி சுனெசனிடம் ஏதோ பேசுகிறார். மட்டையைத் திருப்பிக் கொடுத்து டூ அயர்னை வாங்குகிறார். மறுபடி நிற்கிறார். பார்க்கிற எனக்கே, இன்னும் எவ்வளவு நேரம் என்று தோன்றியது. பிறகு அடித்தார். பந்து ஓடையைத் தாண்டி கிரீனில் போய் உட்கார்ந்தது. பேர்டி. நார்மனும் அந்தக் குழியில் பேர்டி. பதினைந்தாம் குழியிலும் இருவருமே பேர்டி. அப்படியென்றால் நார்மன் பன்னிரண்டிலேயே இடிந்து உட்கார்ந்துவிடவில்லை, துரத்திக்கொண்டுதான் இருந்தார். எதிரில் இருந்தவர் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காததால்தான் பதினாறில் நார்மனின் பந்து தண்ணீருக்குப் போனது. நான் எழுதிய தலைப்பில் இது எதுவும் இல்லை.

இதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியவில்லை. அன்று எதிரில் யார் ஆடியிருந்தாலும் நார்மனுக்கு அது போயிருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒன்பதாம் குழியில் கிரீனிலிருந்து பந்து பின்னோக்கி உருண்டு வந்ததற்கும் ஃபால்டோவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாள் இந்தப் பக்கம் நினைப்பேன், ஒரு நாள் அந்தப் பக்கம்.

பெரியவருக்கு கோல்ஃப் தெரியாது. அவர் ஏன் அன்று எழுந்து வந்தார் என்பதுதான் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் முப்பது வருடத்துக்கு மேல் புரூஃப் பார்த்தவர். ணகரம் னகரமாகிப் போனால் மறுநாள் காலையிலேயே வாசகரிடமிருந்து போன் வரும், ஆசிரியர் கூப்பிட்டு அனுப்புவார். பிழையில்லாத நாளில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. முய்ர்ஃபீல்டின் பதினெட்டு பாரைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்த மர ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது. நானாக இப்படிச் சேர்த்துப் பார்க்கிறேனோ என்னவோ. வெறுமனே வாக்கியத்தில் எழுவாய் விட்டுப்போனதாக நினைத்துக்கூட அவர் வந்திருக்கலாம். கேட்டிருக்கலாம். அவர் ஓய்வுபெற்றது 1999-ல். மூன்று வருடம் அதே மாடியில் இருந்தோம். அந்தப் பொய்க்குப் பிறகு அவர் முகம் பார்த்து இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு நான் டெஸ்க்கை நடத்தும் இடத்துக்கு வந்தேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்: ஜெயித்தவர் பெயர் தலைப்பில் வரணும், தோற்றவர் கதையை உள்ளே வையுங்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது வேறு வேறு இடங்களில் நல்ல பொறுப்பில் இருக்கிறார்கள்.

2016 ஏப்ரல் 11. மறுபடியும் தேர்தல் நேரம், மறுபடியும் அகஸ்டா. ஒன்பது குழி மிச்சமிருக்க ஐந்து ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், பன்னிரண்டாம் குழியில் இரண்டு தடவை தண்ணீரில் போட்டார். மூன்றில் முடிக்க வேண்டிய குழிக்கு ஏழு. இங்கிலாந்தின் டேனி வில்லெட் வென்றார். ஃபால்டோவுக்குப் பிறகு இருபது வருடம் கழித்து மாஸ்டர்ஸை வென்ற இங்கிலாந்துக்காரர்.

காலையில் இணையதளத்துக்குச் செய்தி போக வேண்டும். டெஸ்க்கில் நான் மட்டும்தான். புரூஃப் பிரிவு என்று ஒன்று எங்கள் அலுவலகத்தில் அப்போது இல்லை. அளவுத் தொல்லையும் இல்லை; திரையில் தலைப்பு எத்தனை வரி வேண்டுமானாலும் போகும். 'கோட்டைவிட்டார் ஸ்பீத்' என்று தட்டினேன். கை தானாகத்தான் போனது.

கீழே ஸ்கோரைச் சரிபார்த்தேன். வில்லெட், கடைசி நாள், 67.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தலைப்பை மாற்றாமலே அனுப்பினேன்.