முயலின் கட்டி: கத்தி எடுப்பதற்கு முன்

முயலைத் துணிப்பையில் தூக்கி வருபவர்கள் முதலில் கேட்பது, "டாக்டர், இதைக் கீறி எடுத்துவிடலாமா?" என்பதைத்தான். நாய், பூனைகளுக்கு வரும் சீழ்க்கட்டியைக் கீறி, வடித்து, கழுவி அனுப்பினால் பெரும்பாலும் ஆறிவிடும். முயலிடம் அந்த வழி செல்லாது. முயலின் சீழ் வழிந்தோடாது. பற்பசை போலக் கெட்டியாக இருக்கும். சுற்றிலும் தடித்த உறை வேறு. கீறிப் பிதுக்கினால் வெளியே வருவது கொஞ்சம்தான். உறையின் உட்சுவரில் கிருமி தங்கி, சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் எழும்பும். மாத்திரையும் ஊசியும் உறைக்குள் போதிய அளவு இறங்குவதில்லை. அதனால் முயலைப் பொறுத்தவரை, "உறையோடு முழுசாக எடுக்க முடியுமா?" என்பதே முதல் கேள்வி.

அதற்கு விடை சொல்ல, கட்டி எது, எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிய வேண்டும். வளர்ந்த பெட்டை முயலின் கழுத்தடியில் தொங்கும் சதை மடிப்பு கட்டியே அல்ல. அதைக் காட்டிப் பயந்து வருபவர்கள் நிறையப் பேர். தோலோடு நகரும் சிறு உருண்டை பெரும்பாலும் மயிர்க்கால் சார்ந்த சாதுவான கட்டியாக இருக்கும். தொட்டால் நீர் நிறைந்த பலூன் போல இருந்தால், நாயின் நாடாப்புழு முட்டை ஒட்டிய புல்லைத் தின்றதால் வரும் நீர்க்கட்டியையும் நினைக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கிறோம். மெல்லிய ஊசியில் முயலின் சீழ் ஏறாது. அதைவிடத் தடித்த 21 கேஜ் ஊசி தேவைப்படும். ஊசியில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகச் சீழ் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

தாடையில் வரும் கட்டிதான் மிகவும் சிரமமானது. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. நாள் முழுதும் புல் அரைத்தால்தான் தேயும். கேரட்டும் கடைத் தீவனமுமாக வளர்ந்த முயலுக்குக் கடைவாய்ப்பல் தேயாமல் வேர் தாடை எலும்புக்குள் அழுந்தி, அங்கே சீழ் பிடிக்கிறது. வெளியே தெரியும் நெல்லிக்காய் அளவுக் கட்டி அதன் நுனி மட்டுமே. மண்டை எக்ஸ்ரேயைப் பல கோணங்களில் எடுக்காமல், வசதியுள்ள இடத்தில் சிடி ஸ்கேன் பார்க்காமல் இதில் கத்தி வைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. பல்லைப் பிடுங்கி, அழுகிய எலும்பைச் சுரண்டி, புண்ணைத் திறந்தே வைத்துப் பல வாரம் கழுவ வேண்டியிருக்கும். இதை அறுவைக்கு முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கருப்பை எடுக்காத, 4 வயதைத் தாண்டிய பெட்டை என்றால் முலைக்காம்பருகே கட்டி தெரியும்போது வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த வயதில் கருப்பைப் புற்று சாதாரணம். அது நுரையீரலுக்குப் பரவும். நெஞ்சு எக்ஸ்ரேயில் புள்ளிகள் தெரிந்தால் அறுவையைக் கைவிட்டு, வலி நீக்கி, நன்றாகச் சாப்பிட வைத்துப் பார்த்துக்கொள்வதே சரி என்று நாங்கள் சொல்கிறோம்.

காத்திருக்கலாமா? சிறியதாக, நகரக்கூடியதாக இருந்து, முயல் நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் அளவெடுத்துத் தேதி எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்கலாம். ஆனால் முயல் இளைக்கும்வரை காத்திருப்பது மிக மோசமான முடிவு. 2008இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மயக்க மருந்து தொடர்பான இறப்பு ஆரோக்கியமான முயல்களில் 0.73 சதவீதம், நோயுற்றவற்றில் 7.37 சதவீதம். ஆரோக்கியமான நாய்க்கு 0.05 சதவீதம்தான். இறந்த முயல்களில் பாதிக்கு மேல் மேசையில் சாகவில்லை. அறுவை முடிந்த பிறகுதான் செத்தன.

அதனால்தான் தயாரிப்பில் இவ்வளவு கறார். முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, குடல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. வாய் காலியாக இருக்க ஒரு மணி நேரம் தீவனத்தை எடுத்தால் போதும். ஒன்றரைக் கிலோ முயலின் உடலில் மொத்த இரத்தமே சுமார் 85 மில்லி. 15 மில்லி போனாலே கவலைப்பட வேண்டும். ஆகவே நனைந்த பஞ்சை எடைபோட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கிடுகிறோம். முயலின் இயல்பான வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி. ஏசி அறையில் அது சட்டென்று இறங்கும். சூடேற்றும் பாய் இல்லாமல் தொடங்கக் கூடாது. தையல் தோலுக்கு உள்ளே போக வேண்டும், வெளி நூலைக் கடித்துவிடும். புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினால் ஆசனவாயிலிருந்து நேராக வாங்கித் தின்னும் மென்புழுக்கையை எடுக்க முடியாது. வெட்டியெடுத்த கட்டி சீழ் போலவே தெரிந்தாலும், அதன் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை வாய்வழி கொடுத்துவிட்டு வருபவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதுவும் கிளின்டாமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தும் முயலின் குடலில் நல்ல கிருமிகளைக் கொன்று, நச்சு உண்டாக்கும் கிருமியைப் பெருக்கிவிடும். சில நாட்களில் முயல் கழிச்சலோடு சாகும்.

தேதி குறிக்கும் முன் உரிமையாளரிடம் நாங்கள் கேட்பது ஒன்று: முதல் மூன்று நாட்கள் வீட்டில் ஒருவர் இருப்பாரா? வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குழைத்த உணவைச் சிரிஞ்சில், கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி, நான்கைந்து தடவையாகக் கன்ன ஓரம் ஊட்ட வேண்டும். புழுக்கையை எண்ண வேண்டும். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புகிறோம்.