‘டாமர்’ தொடரைப் பார்த்த நாட்கள்

22 செப்டம்பர் 2022, வியாழன்

அமெரிக்கத் தொடர் கொலைகாரன் ஜெஃப்ரி டாமரைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் நேற்று வெளியான ‘டாமர்’ தொடரின் முதல் இரண்டு எபிசோடுகளை இரவில் பார்த்தேன். பத்து எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டுவிட்டதால், முழுத் தொடரையும் பார்த்து முடித்தவர்களின் கருத்துகளும் முதல் எபிசோடின் நடுவிலேயே நிறுத்திவிட்டவர்களின் கருத்துகளும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கின்றன. நிறுத்தியவர்கள் பலரும் சொல்லும் காரணம் ரத்தம் அல்ல. 1991 ஜூலையில் ஜெஃப்ரி டாமர் பிடிபட்ட இரவிலிருந்து கதை தொடங்குகிறது. மில்வாக்கி நகரில் அவன் குடியிருந்த சிறிய வீட்டுக்குள், மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், மீன்தொட்டியைப் பார்த்தபடி ஓர் இளைஞர் நிற்கிறார். வீட்டுக்குள் அடிக்கும் நாற்றம் என்ன என்று கேட்கிறார். கதவு சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. அவர் அந்தக் கதவைத் தாண்டிவிட வேண்டுமே என்ற பதைப்பைத்தான் பலராலும் தாங்க முடியவில்லை. நானும் இரண்டு முறை நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டு வந்துதான் பார்த்தேன்.

டாமராக நடிக்கும் இவன் பீட்டர்ஸைப் பாராட்டாதவர்கள் குறைவு. அக்கம்பக்கத்துப் பெண்மணி கிளெண்டா கிளீவ்லாண்டாக வரும் நீசி நாஷைப் பற்றி அதைவிடக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

24 செப்டம்பர், சனி

தொடருக்கு நெட்ஃபிளிக்ஸ் கொடுத்திருந்த வகைக் குறிச்சொற்களில், தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரைக் குறிக்கும் ‘எல்ஜிபிடிக்யூ’ என்பதும் ஒன்றாக இருந்ததைப் பார்வையாளர்கள் சுட்டிக்காட்டிக் கண்டித்ததால், அதை நீக்கிவிட்டார்கள். அன்பையும் வாழ்க்கையையும் சொல்லும் கதைகளைத் தேடிச் செல்பவர்களிடம் இந்தத் தொடரையா எடுத்து நீட்டுவது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆனாலும், கொல்லப்பட்ட பதினேழு பேரில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லாத, தன்பாலீர்ப்புடைய இளைஞர்கள் என்பதும், காவல்துறை அவர்களை மதிக்காததால்தான் டாமரால் இத்தனை ஆண்டுகள் தப்ப முடிந்தது என்பதும் குறிச்சொல்லோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாது.

25 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாவது எபிசோடைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: இது உண்மையிலேயே நடந்ததா? நடந்தது. 1991 மே 27 அன்று, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நிலையில் தெருவுக்குத் தப்பி வந்த பதினான்கு வயதுச் சிறுவனைக் காவலர்களே டாமரின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கிளெண்டா கிளீவ்லாண்ட் தொலைபேசியில் திரும்பத் திரும்ப விசாரித்தும், அவன் சிறுவனே அல்ல என்று சொல்லி அவரை வாயடைத்தார்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட இரு காவலர்களும் 1994இல் நீதிமன்ற உத்தரவால் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதை இப்போதுதான் அறிந்துகொண்டவர்களின் கோபம் கொலைகாரன் மீதான கோபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அதே சமயம், கிளெண்டா உண்மையில் குடியிருந்தது பக்கத்துக் கட்டடத்தில். தொடரில் அவரை அடுத்த வீட்டுக்காரராகவே ஆக்கியிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து நானும் ஒவ்வொரு காட்சியையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இன்று ஆறாவது எபிசோடைப் பார்த்தேன். இங்கே கதை கொலைகாரனை விட்டு விலகி, கைக்குழந்தையாக இருக்கும்போதே செவித்திறனை இழந்த டோனி ஹ்யூஸ் என்ற இளைஞரோடு செல்கிறது. அவராக நடித்திருக்கும் ராட்னி பர்ஃபர்டும் காது கேளாதவர்தான். டோனி இருக்கும் சில இடங்களில் ஒலி மெல்ல அடங்கி நின்றுவிடுகிறது. நண்பர்களின் கைகள் வேகமாகப் பேசுகின்றன, சிரிப்பை நாம் கேட்பதில்லை, பார்க்கிறோம். சைகைமொழி தெரியாதவர்களோடு பேச அவர் ஒரு சின்னக் குறிப்பேட்டை வைத்திருக்கிறார். எழுதுவார், திருப்பிக் காட்டுவார், எதிரிலிருப்பவர் எழுதி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. எதிரே எழுதிக்கொண்டிருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும். கொலையைக் காட்டவில்லை, ஆனாலும் இந்தத் தொடரிலேயே என்னை அழவைத்தது இந்த ஒன்றுதான். பலரும் இதையே மிகச் சிறந்த எபிசோடு என்று சொல்வதைப் படித்ததும் மனம் நிறைந்தது. அக்காவை அழைத்து, ‘மற்றவற்றைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் பாருங்கள்’ என்று வற்புறுத்தினேன்.

28 செப்டம்பர், புதன்

வெளியான முதல் வாரத்தில் 19 கோடியே 62 லட்சம் மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதாக நெட்ஃபிளிக்ஸின் கணக்கு சொல்கிறது.

எட்டாவது எபிசோடில், 1992இல் நீதிமன்றத்தில் டாமரை நோக்கிக் கதறிய, கொல்லப்பட்ட ஒருவருடைய சகோதரியின் வாக்குமூலத்தை, அன்று அவர் அணிந்திருந்த ஆடை உட்பட அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார்கள். அசலையும் நடிப்பையும் அருகருகே வைத்த காணொளித் துண்டு எங்கும் பரவி, எவ்வளவு தத்ரூபம் என்று வியக்கப்படுகிறது. அந்தச் சகோதரி இன்னும் உயிரோடு இருக்கிறார். தன்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்றும், அதையெல்லாம் மறுபடியும் அனுபவிப்பதுபோல இருந்தது என்றும், கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காவது தொடரால் வரும் பணத்தில் ஒரு பங்கு போயிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். வழக்கு விவரங்கள் பொது ஆவணம் என்பதால் குடும்பத்தினரிடம் சொல்லவேண்டிய கட்டாயமே தொடரை எடுத்தவர்களுக்கு இல்லை என்று அவருடைய உறவினர் ஒருவர் முதல் வாரத்திலேயே ட்விட்டரில் ஆதங்கப்பட்டிருந்தார். தத்ரூபம் என்று நானும் வியந்தேன். அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தவன் நான்.

ஆறாவது எபிசோடைப் பார்த்துவிட்டு அக்கா இரவில் அழைத்தார். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ‘அந்தப் பிள்ளையின் அம்மா இதைப் பார்த்திருப்பாரா?’ என்று மட்டும் கேட்டார்.

11 அக்டோபர், செவ்வாய்

அக்காவின் கேள்விக்குப் பதில் போலவே ஒரு செய்தி. டோனியின் தாயார் ஆங்கில நாளிதழ் ஒன்றிடம் பேசியிருக்கிறார். அப்படி நடக்கவில்லை என்றும், தங்கள் பெயர்களை வைத்துக்கொண்டு எப்படி இவ்வாறு வெளியிட முடிகிறது என்று புரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கொல்லப்பட்டவர்களுக்குச் செய்த மரியாதை என்று நாங்கள் கொண்டாடிய எபிசோடைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. டோனிக்கும் டாமருக்கும் இடையே காதல் மலர்வதுபோல எடுத்த காட்சிகளை நான் மென்மையானவை என்று எண்ணினேன். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அவை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. அக்காவுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன்.

29 அக்டோபர், சனி

எழுதும் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர், நண்பர்கள் என்று சுமார் இருபது பேரைத் தொடர்புகொள்ள முயன்றதாகவும், ஒருவரும் பதிலளிக்கவில்லை என்றும் தொடரை உருவாக்கிய ரயன் மர்ஃபி ஒரு நிகழ்ச்சியில் கூறியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்கிறார்கள் அவர்கள். கேட்டோம் என்கிறார் இவர். எனக்கு அந்தக் குடும்பங்களின் சொல்தான் பெரிது. பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பெயர்களை வைத்துக்கொண்டார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டாமர் குடியிருந்த கட்டடத்தை 1992 நவம்பரில் இடித்தார்கள். அங்கே ஒரு நினைவுப் பூங்கா அமைக்கலாம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. பதினேழு பெயர்களைப் பொறித்த ஒரு கல்கூட வைக்கப்படாமல், முப்பது ஆண்டுகளாக அது காலி மனையாகவே கிடக்கிறது.