கேட்காமல் விட்ட கேள்விகள்: வழிகாட்டல் திட்டம் ஒன்றில் தகவல் பாதுகாத்த அனுபவம்

எங்கள் வழிகாட்டல் திட்டத்துக்கான பதிவுப் படிவம் என் கைக்கு வந்தபோது அதை என்னால் வாசிக்க முடியவில்லை. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்களை, கணினியில் என்விடிஏ, போனில் டோக்பேக், போட்டுத்தான் எதையும் வாசிப்பேன். படிவம் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தது. கண்ணால் பார்ப்பவருக்கு அது நல்ல தமிழ். திரைவாசிப்பானுக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். கூடப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்தான் வாசித்துக் காட்டினார். பார்வையற்றவர்களும் சேரப்போகும் திட்டத்தில், தங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று அறியவே இன்னொருவர் வேண்டும், பதில் எழுதவும் அவரே வேண்டும் என்றால், படிவம் எங்களிடம் வந்து சேர முன்னரே அதிலுள்ள அந்தரங்கம் முழுவதும் மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிடும். அதைக் கூட்டத்தில் சொன்னேன். படிவத்தைத் திருத்துகிற வேலையை என்னிடமே தந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் நடக்கும் எங்கள் திட்டம் சிறியது. உயர்தரம் முடித்த, கம்பஸ் போகிற, வேலை தேடுகிற மாற்றுத்திறனாளி இளையவர்களை, ஏற்கெனவே ஒரு தொழிலில் நிலைத்துவிட்ட மாற்றுத்திறனாளிகளோடு சோடி சேர்ப்பது. இடைக்கிடை சந்திப்பு, மற்ற நேரம் போனில் கதைப்பது. தனியாக பஸ் ஏறுவது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், வீட்டார் மறித்தால் எப்படிக் கதைப்பது என்று பட்டறிந்தவர் சொல்லிக் கொடுப்பார். செலவுக்கு வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர் சிலர் பணம் அனுப்பினார்கள்.

பழைய படிவம் நிவாரணம் கொடுக்கிற படிவம் ஒன்றைப் பார்த்துத் தயாரித்தது என்று வாசித்தவுடனேயே விளங்கியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவையாளர் பிரிவு, குறைபாட்டின் வகை, அது ஏற்பட்ட விதம், ஏற்பட்ட ஆண்டு, ஏற்பட்ட இடம், மருத்துவ அறிக்கையின் பிரதி, குடும்ப அங்கத்தவர் விவரம், மாத வருமானம், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் கிடைக்கிறதா, முழு உருவப் போட்டோ. ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, இது தெரியாவிட்டால் எங்களில் யாருடைய வேலை நின்றுபோகும் என்று கேட்டுக்கொண்டே போனோம். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. "பிறகு தேவைப்படும்" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பதிலைத்தான் நான் கடைசிவரை எதிர்த்தேன். தகவலைப் பாதுகாக்க எத்தனையோ வழி இருக்கலாம், ஆனால் நாங்கள் கேட்காத விவரம் எங்களிடமிருந்து ஒருநாளும் கசியாது.

"ஏற்பட்ட விதம், ஆண்டு, இடம்" என்ற மூன்றையும் பற்றித்தான் அதிகம் கதைத்தோம். வடக்கில் இந்தக் கேள்வியை யாரிடமும் இலேசாகக் கேட்டுவிட முடியாது. ஒரு காலை இழந்த ஒருவர் அதில் போர் முடிந்த ஆண்டான 2009 என்று எழுதி, இடத்தின் பெயரையும் எழுதினால், வாசிப்பவர் தனக்குள் ஒரு கதையைக் கட்டிவிடுவார். சேர வந்த ஒரு தங்கச்சி பழைய படிவத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "அக்கா, உதை எழுதித் தந்தா, பிறகு அது ஆரிட்டப் போகும்?" அவளுக்குக் கணக்கியல் படித்த ஒருவர் வழிகாட்டியாக வேண்டும். கால் எப்படிப் போனது என்பதற்கும் கணக்கியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மூன்று கேள்வியையும் அப்படியே வெட்டினோம்.

குறைபாட்டின் வகை பற்றிய கேள்வியை எடுத்துவிட்டு, "சந்திப்புக்கு வர, பேச, வாசிக்க உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று மாற்றினோம். என் அபிப்பிராயத்தில் இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. சாய்தளம் வேண்டும், சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும், கோப்புகள் திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய யூனிகோடில் வேண்டும், ஒரே மூச்சாக நெடுநேரம் இருக்க முடியாது என்று அவரவரே எழுதினார்கள். வலிப்பு நோய் உள்ள ஒரு தம்பி நோயின் பெயரை எழுதவே இல்லை. "மயங்கி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க விடுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், இந்த இலக்கத்துக்கு எடுங்கள்" என்று எழுதித் தந்தான். எங்களுக்கு வேண்டியது முழுக்க அதில் இருந்தது. அவன் வீட்டில் தமக்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சொல் வெளியே போனால் பேச்சு குழம்பும் என்று குடும்பமே பயந்தது. அந்தப் பயம் சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை.

அடையாள அட்டை இலக்கத்தை எடுக்கத்தான் ஒருவரும் சம்மதிக்கவில்லை. "வெறும் நம்பர்தானே" என்றார்கள். எங்கள் அட்டையின் இலக்கம் வெறும் எண் இல்லை. புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 1998532 என்று தொடங்கினால் அது 1998 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண். இதைச் சொன்ன பிறகு மேசையில் இருந்தவர்கள் தங்கள் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். பயணச் செலவுக்குக் கையெழுத்து வைக்கும் தாளிலும் பெயர் போதும் என்று கணக்கு வைப்பவரே பிறகு சொன்னார்.

எனக்குக் கைகொடுத்தது சட்டமும்தான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு குறித்த 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உடல்நலம் சார்ந்த தரவையும் சிறுவர் பற்றிய தரவையும் விசேட வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது, வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 22ஆம் உறுப்புரை இன்னும் நேரடியானது: எங்கள் தனிப்பட்ட தகவலும் உடல்நல, புனர்வாழ்வுத் தகவலும் மற்றவர்களுடையதைப் போலவே காக்கப்பட வேண்டும் என்கிறது. சட்டம் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, எங்களைப் போன்ற சிறிய குழுவை யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். எங்களைக் கேட்க வேண்டியவர்கள் அந்தப் படிவத்தை நிரப்புகிறவர்கள் என்று பதில் சொன்னேன்.

சம்மதம் வாங்குவதும் இலேசாக முடியவில்லை. யூனிகோடில் அடித்து, வேர்ட் கோப்பாகவே அனுப்பினோம். பார்வையற்றவர்கள் காதில் இயர்போனைப் போட்டுக்கொண்டு தாங்களே வாசித்து, குரல் பதிவில் சம்மதம் சொன்னார்கள். இயர்போன் என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரைவாசிப்பானை ஒலிபெருக்கியில் விட்டால் வீட்டு விறாந்தை முழுக்கக் கேட்கும். காது கேளாதவர்களுக்குச் சைகைமொழியில் வீடியோ செய்தோம். அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு இளைஞனுக்குச் சிறு வசனங்களும் படங்களும் கொண்ட தாள். தாயார் "நான் சைன் வைக்கிறன், போதும்தானே மிஸ்" என்றார். அவன் வயது வந்தவன். தாயாரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அவனிடமே கேட்டோம். போட்டோ எடுக்க விருப்பம், பேஸ்புக்கில் போட விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னான்.

பெற்றோர் விஷயம் திட்டம் தொடங்கிய பிறகும் தொடர்ந்தது. எனக்குச் சோடியாக வந்த பிள்ளையின் அம்மா இரவில் எடுத்துக் கேட்பார்: "மிஸ், பிள்ளை உங்களோட என்னதான் கதைக்கிறவள்? எனக்கு ஒண்டும் சொல்றாளில்லை." அந்தத் தாய் பயத்தில் கேட்கிறார், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "நல்லா இருக்கிறா, அம்மா. மிச்சத்தை அவவிட்டயே கேளுங்கோ" என்பதுதான் நான் சொல்லக்கூடியது. முதல் சந்திப்பிலேயே எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிவைத்தோம்: நீங்கள் சொல்வது என்னோடு நிற்கும், உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் பொறுப்பாளர் ஒருவரிடம் சொல்வேன், அதையும் உங்களுக்குச் சொல்லிவிட்டே செய்வேன். எல்லையை முன்கூட்டியே சொல்லாமல் "இரகசியம் காப்போம்" என்று வாக்குக் கொடுப்பது, சொன்ன நாளிலேயே உடைகிற வாக்கு.

வட்ஸ்அப் குழு அமைக்க வேண்டாம் என்றது பெண் பிள்ளைகள். வேறொரு பயிற்சியில் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டு, பிறகு நேரங்கெட்ட நேரத்தில் அழைப்புகள் வந்ததாம். கொமியுனிட்டி அமைத்து அறிவித்தல் மட்டும் போட்டால் உறுப்பினர் இலக்கம் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அப்படியே செய்தோம்.

இன்னொரு ஓட்டை கொமினிகேஷன் என்று நாங்கள் சொல்லும் பிரிண்ட், போட்டோகொப்பிக் கடை. யாழ்ப்பாணத்தில் எந்தப் படிவமானாலும் பிரிண்ட் எடுக்க, ஸ்கான் பண்ண அங்கேதான் போவோம். கடைக்காரரின் வட்ஸ்அப்புக்குக் கோப்பை அனுப்புவோம், அவர் எடுத்துத் தருவார், கோப்பு அவருடைய கணினியில் கிடக்கும். மருத்துவ அறிக்கைகள் அப்படிப் பல கடைகளில் இன்றும் கிடக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் கனக்கிறது. மருத்துவ அறிக்கையை நாங்கள் கேட்பதையே நிறுத்திவிட்டதால் அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. படிவத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டியவர்களுக்கு நாங்களே எடுத்துக் கொடுத்தோம்.

பெரிய இழுபறி, பணம் தந்தவர்களோடுதான். அவர்கள் கேட்டது நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்த காசை அனுப்புகிறவர், அது எங்கே போகிறது என்று பார்க்க விரும்புவார். ஒருவர் என்னோடு வைபரில் நீண்டநேரம் கதைத்தார்: "தங்கச்சி, ஆருக்கு உதவினனாங்கள் எண்டு ஒரு படமாவது வேணுமல்லோ." பெயரை எடுத்துவிட்டு, ஊரையும் படிப்பையும் போட்டு அறிக்கை எழுதலாம் என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் சொன்னார்கள். இங்கே அது பலிக்காது. பார்வையற்றவர்களில் பலர் சுன்னாகத்திலுள்ள வாழ்வகம் என்ற இல்லத்தில் வளர்ந்தவர்கள், காது கேளாதவர்களில் பலர் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர்கள்; ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "கரவெட்டியில் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு சட்டம் படிக்கும் மாணவி" என்று எழுதினால் பெயரே தேவையில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அறிக்கையில் ஊரும் குறைபாடும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொண்டோம். என்ன செய்தோம், எத்தனை சந்திப்பு நடந்தது, காசு எதற்குப் போனது என்று பற்றுச்சீட்டோடு விரிவாக எழுதினோம். படமும் கதையும் யாராவது தாங்களாகவே தர விரும்பினால் மட்டும், அதுவும் எங்கே வரப்போகிறது என்று காட்டிய பிறகு. ஒரு கொடையாளர் விலகிவிட்டார். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அவர்களில் ஒருவர் தன் மகனுக்கும் ஓட்டிசம் இருப்பதாகவும், அவன் படத்தைத் தான் ஒருநாளும் யாருக்கும் அனுப்பியதில்லை என்றும் எழுதினார்.

சுற்று முடிந்ததும் காகிதப் படிவங்களைக் கிழித்து எரித்தோம், கணினிக் கோப்பை இரண்டு பேரின் முன்னிலையில் அழித்தோம். விருப்பப்பட்டவர்களின் தொடர்பு இலக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. காது கேளாத ஒருவர் வழிகாட்டியோடு தனியாகக் கதைக்க நினைத்தாலும், வழிகாட்டிக்குச் சைகைமொழி தெரியாவிட்டால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. அதே ஆளைத்தான் அவர் ஆஸ்பத்திரியிலும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலும் குடும்பச் சண்டையிலும் சந்தித்திருப்பார். அடுத்த சுற்றில் காது கேளாதவர்களுக்குக் காது கேளாத வழிகாட்டிகளையே சேர்க்கத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்காத இடத்தில், எந்த மொழிபெயர்ப்பாளரையும் காரணம் சொல்லாமலே மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்ற வரியைப் படிவத்தில் சேர்த்திருக்கிறோம், சைகைமொழி வீடியோவிலும்.