325, 400-ஐவிடக் குறைவுதானே சார்?

230 வோல்ட் ஏசியின் உச்சம் 325, கெபாசிட்டரில் அச்சடித்திருப்பது 400 வோல்ட் டிசி, இன்னும் 75 வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று சர்க்யூட் போர்டு செய்யும் ஒருவர் என்னிடம் கேட்டார். "லைனில் அதைப் போடக் கூடாது, எக்ஸ்2 போடுங்கள்" என்றேன். லைன் என்றால் நேராக வரும் 230 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்பது அதன் குறுக்கே போடவென்றே செய்யும் கெபாசிட்டர் வகை. மாற்றிவிட்டார். அதோடு முடிந்த பேச்சுதான், எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

அவர் கணக்கு சரி, அதில் காற்று மட்டும் இல்லை. இந்தக் கெபாசிட்டர் உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் பிலிமைச் சுருட்டிச் செய்வது. அந்தப் பாலிபுரொப்பிலீன் பிலிம் ஒரு மைக்ரோமீட்டருக்கே சில நூறு வோல்ட் தாங்கும். ஆனால் சுருட்டும்போது அடுக்குகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் துளித்துளியாகக் காற்று மாட்டிக்கொள்ளும். காற்றின் தாங்குதிறன் பிலிமைவிட எவ்வளவோ குறைவு, போதாததற்கு அங்கே மின்புலம் பிலிமில் இருப்பதைப் போல ஏறத்தாழ 2.2 மடங்கு. டிசியில் அந்தக் காற்றில் ஒருமுறை மின்பொறி பறந்தால் மின்னூட்டம் பரப்பில் ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். ஏசியில் திசை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு அரைச்சுற்றிலும், அதாவது 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 தடவை, திரும்பப் பொறி பறக்க வாய்ப்பு, அது பிலிமின் உலோகப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

அப்படிப் போன ஒன்றை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெடிப்பு இல்லை, கருகல் இல்லை. மேலே 0.47 மைக்ரோஃபாரட், மீட்டரில் 0.29. பிலிமை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்து உலோகப் பூச்சு அரித்துப்போய்க் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. கெபாசிட்டர் கம்பெனி தரும் விவரத்தாளில் (டேட்டாஷீட்) ஏசிக்கு 200 வோல்ட் என்று தனியாகப் போட்டிருக்கும் வரியையாவது காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் வரியை நம்பியிருப்பார், காரணம் தெரிந்திருக்காது என்றும் தோன்றுகிறது. ஆனால் காரணத்தையும் நான் சொல்லவில்லையே. ராத்திரி முழுக்க லைனில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். அது எதையும் நிரூபிக்காது என்றேன். உண்மைதான், இந்த அரிப்பு ஒரு ராத்திரியில் தெரியாது. அதே சமயம், எந்தச் சோதனையைக் காட்டினால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்பதற்கும் அப்போது என்னிடம் பதில் இல்லை. முடிவு சரி என்பதில் இன்றும் சந்தேகமில்லை, சொன்ன விதத்தில்தான்.

போன வாரம் அவருடைய புது போர்டைப் பார்த்தேன். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், சுத்தமான டிசியிலும் எக்ஸ்2-வையே போட்டிருக்கிறார். அந்த இடத்துக்குச் சாதாரண 400 வோல்ட் பிலிம் தாராளமாகப் போதும். அதைச் சொல்லப் போனால் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை உட்கார வைத்து.